கொடுத்தவர் வந்திருக்கிறார்

கொடுத்துவிட்டுக் கூடவே வருகிறவர் என்று ஒரு மனித இனம் உண்டு. நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் உங்களுக்கு ஆசையாக ஒரு பூச்செடி கொடுப்பார். அடுத்த வாரம், இந்தப் பக்கம் ஏதோ வேலையாக வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வாசலில் நிற்பார். வாய் உங்களிடம் நலம் விசாரித்துக்கொண்டிருக்கும். கண் உங்கள் தோளைத் தாண்டிப் போய்ச் செடியிடம் நலம் விசாரித்துக்கொண்டிருக்கும். காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது தொட்டி கால் அடி கிழக்கே நகர்ந்திருக்கும். நகர்த்தியது யார் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். கேட்டாலும் அவருக்குத் தெரியாது. அவர் கைக்குத்தான் தெரியும்.

இவரைக் கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சருக்குக் கொடுக்கவே தெரியாது; தொல்லை அங்கேயே முடிந்தது. இவருக்குக் கொடுக்கத் தெரியும். விடத்தான் தெரியாது.

சட்டைத் துணி கொடுத்தால் தைத்தாயா என்பார், தைத்தால் போட்டாயா என்பார், போட்டால் துவைத்தபோது சாயம் போயிற்றா என்பார். புத்தகம் கொடுத்தால் எந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்பார். பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் மருமகன் பாடு என்ன ஆகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. வாசகர்களில் மருமகன்கள் இருப்பார்கள், அவர்கள் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் வீடுகளில் காணப்படுவதெல்லாம் கலப்பினம். இந்த இனத்தை அசலாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு சிற்றூரின் வரலாற்று அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

அப்படி ஓர் இடம் உண்டு. பேருந்து திரும்பி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் தானியக் கிடங்காக இருந்த நீளக் கட்டடம். தகரக் கூரை. உள்ளே அந்த வட்டாரம் இதுவரை பயன்படுத்தித் தீர்த்ததெல்லாம் வரிசையாக இருக்கிறது: பால் கேன்கள், கையால் சுற்றும் தொலைபேசிப் பலகை, மூடிப்போன மில்லின் சங்கு, முதன்முதலில் ஊருக்குள் வந்த பேருந்தின் ஹார்ன், முட்டையைத் தரம் பிரிக்கும் மரச்சட்டம், ஒரு கட்டிலின் மூன்று கால்கள். வாசலை ஒட்டிக் கண்ணாடி ஜாடியில் இரண்டு தலைக் கன்றுக்குட்டி ஒன்று மிதக்கிறது. பொதுமக்கள் அந்தக் கன்றுக்குட்டியைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அதைக் கொடுத்தவர் யார் என்பது மட்டும் தெரியவில்லை. கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன ஒரே ஆத்மா அவர்தான் என்று காப்பாளர் அம்மாள் அவ்வப்போது நன்றியோடு நினைத்துக்கொள்வார்.

மற்றவர்கள் எல்லோரும் வருவார்கள். வாசலில் சீட்டுக் கிழிப்பவர் உள்ளே எட்டிப் பார்த்து, "கொடுத்தவர் வந்திருக்காரு" என்பார். எந்தக் கொடுத்தவர் என்று சொல்லமாட்டார். காப்பாளர் அம்மாள் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்துகொள்வார்.

கொடுத்தவரை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். அவர் வேறு எதையும் பார்க்கமாட்டார். மில் சங்கு, முட்டைச் சட்டம், இரண்டு தலை, எதுவும் அவரை நிறுத்தாது. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் படுத்திருக்கும் வார்டுக்குப் போகிறவர் மாதிரி நேராக நடந்து தன் பொருளின் முன்னால் போய் நிற்பார். ஒரு விரலால் தூசி பார்ப்பார். விரலைக் கண்ணுக்கு நேரே தூக்குவார். தூசி இருந்தால் வருத்தம். இல்லாவிட்டால் அதைவிட வருத்தம், யாரோ தொட்டுத் துடைத்திருக்கிறார்கள். பிறகு பின்னால் தள்ளிப்போய் ஒரு தூணோரம் நின்றுகொள்வார். யாராவது பார்வையாளர் வழி தவறி அந்தப் பொருளின் பக்கம் வந்துவிட்டால், ஊருக்குப் புதியவர் போலக் கிட்டே போய், கண்ணாடியை மறந்து வந்துவிட்டேன், அந்த அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்பார். பார்வையாளர் பாவம், உரக்கப் படிப்பார். கடைசி வரியில் கொடுத்தவரின் பெயர் வரும்.

"யாரு, யாரு குடுத்ததாம்?"

பார்வையாளர் இன்னொரு முறை படிப்பார்.

அங்கே வருகிறவர்களில் ஒரு சலூன்காரர் இந்த இனத்தில் முதல் தரம். கடைத்தெருவில் நாற்பது வருஷம் சலூன் வைத்திருந்தவர். மனிதர்களைப் பின்னந்தலையால் மட்டுமே நினைவு வைத்திருப்பவர். நேருக்கு நேர் வந்து வணக்கம் சொன்னால் விழிப்பார், திரும்பி நடந்தால் உடனே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கடையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் இவர் வெட்டினார். இன்னொன்றில் இவருடைய தம்பி வெட்டினார். அண்ணன் வாயைத் திறக்காத வேலைக்காரர், கத்தரி ஒன்றுதான் பேசும், உட்கார்ந்த ஆள் செய்தித்தாளை விரித்து மடிப்பதற்குள் முடித்து அனுப்பிவிடுவார். தம்பி நேர்மாறு. பாதித் தலையை வெட்டிவிட்டு, "அப்புறம் கேளுங்க" என்று ஆரம்பித்தால் கத்தரியைச் சட்டைப் பையில் சொருகிவிட்டு, நாற்காலியின் இடது கைப்பிடியில் உள்ளங்கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டு, கதையை முடித்த பிறகுதான் மீதித் தலைக்கு வருவார். ஊர் என்ன செய்தது தெரியுமா? சீக்கிரம் முடித்து அனுப்புகிற அண்ணனின் நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு, தம்பியின் நாற்காலிக்காகப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தது.

அண்ணன் இதை மன்னிக்கவில்லை. தம்பியையும் மன்னிக்கவில்லை, ஊரையும் மன்னிக்கவில்லை. கைப்பிடியின் வெள்ளைப் பூச்சு உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்து இரும்பு தெரிய ஆரம்பித்தபோது, அதை வாடிக்கையாளர்களிடம் காட்டித் தம்பியைக் குத்துவார். என் நாற்காலியில் இப்படி உண்டா என்பார். வேலை செய்து தேய்ந்தால் மரியாதை, வேலையை நிறுத்திவிட்டுத் தேய்த்தால் என்ன மரியாதை என்பார். தம்பி சிரித்துவிட்டு, "அண்ணே, அப்புறம் கேளுங்க" என்பார்.

இப்போது கேட்பதற்கு ஒன்றுமில்லை. தம்பி ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தார், எழவில்லை. அண்ணன் அந்த வருஷமே கடையை மூடினார். தன் நாற்காலியைப் பக்கத்து ஊர் சலூனுக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். அதற்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தம்பியின் நாற்காலி வீட்டுக்கு வந்து முன்னறையில் உட்கார்ந்துகொண்டது. அதில் யாரும் உட்காரவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். இருட்டில் கால்மிதியில் முழங்காலை இடித்துக்கொண்டார்கள். ஒரு நாள் பழைய இரும்பு எடுப்பவன் வாசலில் வந்து கூவியபோது சலூன்காரர் வெளியே போய் அவனோடு சண்டை பிடித்தார். அவன் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. கூவினான், அவ்வளவுதான்.

வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாது, வெளியே போடவும் மனசு வராது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொருள் இருக்கிறது. அருங்காட்சியகங்கள் எதனால் நிரம்புகின்றன என்று நினைத்தீர்கள்? வரலாற்றாலா?

மனைவிதான் அந்த யோசனையைச் சொன்னார். காப்பாளர் அம்மாள் வண்டியோடு வந்து பார்த்து, நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இடது கைப்பிடியில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்துவிட்டு, இதை முன்கூடத்திலேயே வைக்கிறேன் என்று எடுத்துப் போனார். முன்னறை காலியாயிற்று. மனைவி அங்கே ஒரு நல்ல பாயை விரித்தார். மறுநாள் காலை சலூன்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு நின்றார். எங்கே என்று கேட்டதற்கு, சும்மா, அது சரியாக இறங்கியதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றார்.

அது இறங்கி இரண்டு வருஷமாகிறது. அவர் இன்னும் பார்த்துவிட்டு வருகிறார்.

"நாற்காலியக் குடுத்தீங்க சரி. உங்களையும் அது மேல உக்கார வச்சே குடுத்திருக்கலாம். போக வர பஸ் காசாவது மிஞ்சும்" என்றார் மனைவி.

முன்கூடத்தில் அவருக்கு ஒரு பகை இருந்தது. சலூன் நாற்காலிக்கு நேர் எதிரே இன்னொரு நாற்காலி. அதுவும் இரும்பு, அதுவும் வெள்ளைப் பூச்சு, அதற்கும் தலையைச் சாய்க்க ஒரு திண்டு. பல் வைத்தியருடையது. பக்கத்தில் காலால் மிதித்துச் சுற்றும் துளைக்கருவி வேறு. அதைக் கொடுத்தவரான ஓய்வு பெற்ற பல் டாக்டரும் தவறாமல் வருகிறவர், தூணோரம் நிற்கிறவர், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வருகிறவர். இரண்டு கொடுத்தவர்களும் எதிரெதிர்த் தூண்களில் சாய்ந்துகொண்டு ஒருவர் பொருளை ஒருவர் பார்க்காமல் மணிக்கணக்கில் நிற்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியைகள் சலூன் நாற்காலியைக் காட்டி, இதில்தான் அந்தக் காலத்தில் பல் பிடுங்குவார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு டாக்டர் முகத்தில் ஒரு மினுமினுப்பு இருக்கும். சலூன்காரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடமாட்டார்.

டாக்டர்மேல் அவருக்குப் பழைய கோபமும் உண்டு. அந்தப் பின்னந்தலை அவருக்கு நன்றாகத் தெரியும். மாதம் தவறாமல் கடைக்கு வந்து, காலியாக இருக்கும் இவருடைய நாற்காலியைத் தாண்டிப் போய், பெஞ்சில் உட்கார்ந்து தம்பிக்காகக் காத்திருந்த தலை அது.

இந்த நிலையில்தான் கூரை ஒழுகியது. பின்னறையில் இருந்த சாமான்களையெல்லாம் முன்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இடமில்லை. இரண்டு நாற்காலிகளில் ஒன்றுதான் இருக்க முடியும், மற்றது தலைநகரத்துச் சேமிப்புக் கிடங்குக்குப் போகும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. எது என்று முடிவு செய்ய மூன்று பேர் கொண்ட குழு ஒன்று வரும். கிடங்கில் பொருள் பத்திரமாக இருக்கும், கரையான் அண்டாது, ஆனால் வெளியாட்களுக்கு அனுமதி கிடையாது. காப்பாளர் அம்மாள் இதை இரண்டு தூண்களுக்கும் நடுவில் நின்று பொதுவாகச் சொன்னார்.

"வெளியாளுன்னா?" என்று கேட்டார் சலூன்காரர்.

"எல்லாரும்தான் ஐயா. கொடுத்தவங்களும்."

அன்றைக்கு அவர் பேருந்தை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

இப்போது கொடுத்தவர் இனத்தின் மூளை எப்படி வேலை செய்யும் என்பதைக் கவனியுங்கள். குழு வருகிறது. குழுவுக்கு எது பிடிக்கும்? பளிச்சென்று இருப்பது. டாக்டரின் நாற்காலியில் என்ன குறை? தோல் உறை கொஞ்சம் வெடித்திருக்கிறது. நம் நாற்காலியில் என்ன குறை? அவர் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். இடது கைப்பிடி. வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் சுவரில் இருக்கும் கறையை என்ன செய்வோம்? அதைத்தான் செய்தார். பழைய சலூன் பையை எடுத்தார். சீப்பு, கத்தரி, சீசா இருந்த இடத்தில் ஒரு டப்பா வெள்ளை எனாமல், இரண்டு தூரிகை, உப்புத்தாள், துணி, தோலுக்குப் பூசும் மெழுகு. மனைவி பார்த்துவிட்டு என்ன என்று கேட்டதற்கு, சும்மா துடைக்க என்றார். பெயிண்ட் வாசனை என்று மனைவி சொன்னதற்கு, அது புது மாதிரித் துடைப்பு என்றார்.

காப்பாளர் அம்மாள் குழுவின் வரவு பற்றிப் பேச அலுவலகத்துக்குப் போயிருந்த ஒரு மதியம் அது. சீட்டுக் கிழிப்பவர் இவர் துடைப்பதைத் தினமும் பார்க்கிறவர், தலையைத் தூக்கவில்லை. சலூன்காரர் கைகளைக் கழுவினார். நாற்காலியைச் சுற்றி வந்தார். நாற்பது வருஷத்துக் கை. உப்புத்தாள் போட்டு, துடைத்து, ஒரு பூச்சு, விசிறிக் காயவிட்டு இன்னொரு பூச்சு. தூரிகைத் தடம் ஒன்று தெரியவில்லை. திண்டுக்கு மெழுகு, திருகுக்கு எண்ணெய், கால்மிதிக்குப் பளபளப்பு. ஒரு மணமகனைத் தயார் செய்வது போலத்தான் செய்தார். வேலை முடிகிற நேரத்தில் பல் டாக்டர் வந்தார். வாசலைத் தாண்டி நாலடி வைத்தவர் அப்படியே நின்றார். நாற்காலியைப் பார்த்தார். குறிப்பாகக் கைப்பிடியைப் பார்த்தார். திரும்பி வெளியே போய்விட்டார். தன் நாற்காலி பக்கம்கூட அவர் போகவில்லை.

பொறாமை என்று சலூன்காரர் முடிவு செய்தார். இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினார்.

குழு வந்தது. தலைவி நரைத்த முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்த ஒரு பேராசிரியை. வெட்டு சுத்தம், இடது பக்கம் அரை விரல் தூக்கல், அதைச் சலூன்காரர் தூணோரத்திலிருந்தே கவனித்துவிட்டார். டாக்டர் எதிர்த் தூணில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேராசிரியை பல் நாற்காலியின் முன்னால் குனிந்து, வெடித்த தோலைப் பார்த்து, மிதிகட்டையில் ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகியிருந்ததைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு சலூன் நாற்காலிக்கு வந்தார். சுற்றி நடந்தார். மூக்கைச் சுருக்கினார்.

"நகல் நல்லா செஞ்சிருக்காங்க. அசல் எங்க இருக்கு?" என்றார்.

காப்பாளர் அம்மாள் அப்போதுதான் கைப்பிடியைப் பார்த்தார். சலூன்காரருக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அவ்வளவு புதிதாகவா இருக்கிறது என்று அரை அடி முன்னால்கூட வந்துவிட்டார். காப்பாளர் அம்மாளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நின்றார்.

மேற்கொண்டு நடந்தது சுருக்கம். பூச்சு மாற்றிய பொருளை முன்கூடத்தில் வைக்க முடியாது. கிடங்குக்கும் அனுப்ப முடியாது. கிடங்கு மாற்றாத பொருள்களுக்கு மட்டும்தான். தூக்கிப் போடவும் விதி இடம் தராது. வேண்டுமானால் வராந்தாவில் குழந்தைகள் விளையாடும் மூலை இருக்கிறதே, அங்கே போடலாம், பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து சுற்றட்டும் என்றார் பேராசிரியை. குறித்துக்கொண்டு மூவரும் இரண்டு தலைக் கன்றுக்குட்டியைப் பார்க்கப் போனார்கள்.

காப்பாளர் அம்மாள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அந்தக் கைப்பிடிக்காகத்தான் ஐயா நான் இதை முன்னாடி வச்சிருந்தேன். குழுவுக்கு அதைத்தான் காட்டணும்னு இருந்தேன்" என்றார்.

"அது வேலை செஞ்ச இடம் இல்லம்மா. என் தம்பி கதை சொன்ன இடம்."

"எனக்கு அது தெரியாது. ஆனா ஒரு கைன்னு தெரிஞ்சுது."

சலூன்காரர் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு மிகவும் பணிவாக, வீட்டில் நல்ல சவரக்கத்தி ஒன்று இருக்கிறது, தோலில் கீறல் விழாமல் நாற்பது வருஷம் பிடித்த கை, மெதுவாகச் சுரண்டி எடுத்துவிடட்டுமா என்று கேட்டார்.

"சுரண்டினா இரும்பு வரும் ஐயா. அந்தக் கை வராது."

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு வருஷமாகக் குத்திக்கொண்டிருந்தவர் அன்றைக்குக் குத்தவில்லை. தட்டில் சோறு போட்டார். சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்திருந்தார். பிறகு, கொழுந்தனார் இருந்திருந்தால் இதை ஒரு மணி நேரக் கதையாகச் சொல்லியிருப்பார், ஒரு தலையும் வெட்டி முடிந்திருக்காது என்றார். சலூன்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கை கழுவப் போனவருக்குக் குழாயை மூட வெகுநேரம் ஆயிற்று.

இனி அவர் போகமாட்டார் என்றுதான் நீங்களும் நானும் நினைப்போம். நமக்கு இந்த இனத்தைப் பற்றி என்ன தெரியும்? அடுத்த வாரமே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். வராந்தாவில் நாற்காலி. அதன்மேல் ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகள். ஒன்று திண்டில், ஒன்று கால்மிதியில், ஒன்று வலது கைப்பிடியில் குதிரை ஏறியிருந்தது. சுற்றுகிறார்கள், திருகு கிறீச்சிடுகிறது. இறங்குங்கள் என்று சொல்ல வாயெடுத்த சலூன்காரர், தலைக்கு மேல் தொங்கிய பலகையைப் பார்த்தார். ஏறி விளையாடவும் என்று எழுதியிருந்தது. தொட்டாலே கண்டிக்கிற கட்டடத்தில் தொடச் சொல்லி எழுதிய ஒரே பலகை அதுதான்.

பிள்ளைகள் இறங்கிப் போன பிறகு மெல்லக் கிட்டே போனார். சுற்றுமுற்றும் பார்த்தார். இடது கைப்பிடியில் உள்ளங்கையை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

காப்பாளர் அம்மாள் அந்தப் பக்கமாக வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, துடைக்கிறேன் என்றார். அம்மாள் நகராமல் நிற்கவே, தேய்க்கிறேன் என்றார். இதெல்லாம் தேய எத்தனை வருஷமாகும் தெரியுமா என்றார் அம்மாள். தெரியும் என்றார் இவர். தேயத் தேயப் பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டிருந்தவர் இவர்தானே. அம்மாள் உள்ளே போய்விட்டார். பிறகு சீட்டுக் கிழிப்பவர் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. வாரம் ஒரு முறை என்றிருந்தது ஒரு நாள் விட்டு ஒரு நாளாயிற்று. கூடத்தில் பல் நாற்காலி எதிரி இல்லாமல் தனியாக நின்றது. வென்ற டாக்டர் தூணில் சாய்ந்து சாய்ந்து பார்த்தார். எதிர்த் தூணில் ஆள் இல்லாமல் நிற்பது அவருக்குப் பிடிபடவில்லை. அவர் பொருளை அவரே தொடக்கூடாது, கயிறு கட்டிவிட்டார்கள். ஒரு நாள் மெல்ல வராந்தாவுக்கு வந்தார். சலூன்காரர் நிமிர்ந்து பார்க்காமல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க தேய்க்கிற இடம் தப்பு" என்றார் டாக்டர்.

சலூன்காரர் கையை எடுக்கவில்லை. என் தம்பி, என் நாற்காலி, நாற்பது வருஷம் நாலடி தள்ளி நின்றிருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்றார்.

"நீங்க நின்னுட்டு இருந்தீங்க. நான் இதுல உக்காந்திருந்தேன். அவர் கை நுனியில இல்ல, இன்னும் உள்ள, என் முழங்கையை ஒட்டி இருக்கும். கதை சூடு பிடிச்சா முழங்கையத் தள்ளிட்டு ஊனுவாரு."

சலூன்காரர் யோசித்தார். பிறகு கையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார். சரியாகப் பொருந்தியது போலிருந்தது. நான் வெள்ளை பூசிய அன்றைக்கு நீங்கள் வந்து பார்த்தீர்களே, ஏன் ஒன்றும் சொல்லாமல் போனீர்கள் என்று கேட்டார். டாக்டர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். பலகையில் வயது எதுவும் போட்டிருக்கவில்லை.

"சும்மா தேய்ச்சா தேயாது. பேசிக்கிட்டே தேய்க்கணும்" என்றார் உட்கார்ந்தபடி.

"எனக்குப் பேச வராது டாக்டர்."

"தெரியும். அதனாலதான் அந்தக் காலத்துல உங்க நாற்காலி பக்கமே நான் வரல."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு கொலை விழுந்திருக்கும். சலூன்காரர் அந்தப் பின்னந்தலையைப் பார்த்தார். முடி காது மேல் வளர்ந்து கிடந்தது. தம்பி போன பிறகு எவனிடமோ கொடுத்துக் கெடுத்துவைத்திருந்த தலை. உள்ளங்கையைக் கைப்பிடியில் ஊன்றினார். தொண்டையைச் செருமினார். வராந்தா ஓரத்தில் இரண்டு பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

"அப்புறம் கேளுங்க" என்றார்.

அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றார். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. அந்தக் கடையில் காத்திருந்து பழகியவர்.

கைப்பிடி எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்று கேட்கிறீர்களா? ஒன்றும் தேயவில்லை. நல்ல எனாமல், நன்றாகப் பூசியிருக்கிறார். வெயில் சாய்வாக விழும்போது அந்த இடத்தில் மட்டும் பளபளப்பு ஒரு மாற்றுக் குறைவாகத் தெரிகிறது என்று டாக்டர் சொல்கிறார். டாக்டருக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. சலூன்காரருக்குக் கை வலி எடுக்கும் நாள்களில் டாக்டர் இறங்கி நின்று, கொஞ்ச நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தேய்க்கிறார். வாசலில் சீட்டுக் கிழிப்பவர் இப்போது "கொடுத்தவர் வந்திருக்காரு" என்று சொல்வதில்லை. அவர்கள் திரும்பிப் போனால்தானே வந்ததைச் சொல்ல முடியும்?

ஆகவே வாசகரே, இந்த இனத்தைக் கண்டால் கேலி செய்யுங்கள், தவறில்லை, நானும் அதற்குத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. நீங்கள் என்றோ கொடுத்துவிட்ட ஒன்று, கொடுத்தாயிற்று, இனி உங்களுடையது இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்ட ஒன்று, இந்த நேரத்தில் எங்கே, எந்த அறையில், எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது?

உடனே பதில் வந்ததா? அப்படியானால் நல்ல சட்டையாக ஒன்றைத் துவைத்து வையுங்கள். வராந்தாவில் முக்காலி ஒன்றுதான் இருக்கிறது. வரும்போது உங்கள் முக்காலியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். திரும்பிப் போகும்போது அதை அங்கேயே கொடுத்துவிட்டும் போகலாம்.